மில்லிசெக்கனா, செக்கனா? கண்காணிப்பு அளவைகளின் அலகு பற்றிய கேள்வி பதில்

கொக்குவில்: அண்ணா, எங்கள் சேவையின் பதில் நேரத்தை, அளவைகளைச் சேமிக்கும் புரொமீத்தியஸ் மென்பொருளில் மில்லிசெக்கனாகப் பதிகிறோம். அதை வரைபடமாகக் காட்டும் கிரபானாவில் 95ஆவது சதமணை (நூறு பதில்களில் 95 இந்த நேரத்துக்குள் முடியும்) எப்போதும் 10இல் நேர்கோடாக நிற்கிறது. ஏன்?

தம்பி, அந்தப் 10 உங்கள் சேவையின் வேகம் இல்லை, ஹிஸ்டோகிராமின் கடைசி எல்லை. ஹிஸ்டோகிராம் ஒவ்வொரு நேரத்தையும் அதன் அளவுக்கேற்ற பக்கற்றில், அதாவது ஓர் இடைவெளியில், போட்டு எண்ணும். கோ, பைதன் மொழிகளுக்கான புரொமீத்தியஸ் நூலகங்கள் இரண்டிலும் இயல்பாக வரும் பக்கற்றுகள் 0.005இல் தொடங்கி 10இல் முடிகின்றன. எல்லாம் செக்கன் கணக்கு. 80 மில்லிசெக்கனை 80 என்று போட்டால் அது 80 செக்கனாகி, 10க்கு மேலே உள்ள முடிவிலிப் பக்கற்றுக்குள் விழும். அங்கே விழுந்தவற்றுக்குச் சதமணை கேட்டால் புரொமீத்தியஸ் அதற்கு முந்திய எல்லையான 10ஐத்தான் தரும். 80உம் 8000உம் அதற்கு ஒன்றுதான். 1000ஆல் வகுத்து 0.08 என்று பதியுங்கள். பெயரின் கடைசியில் 'செக்கன்ஸ்' என்று சேருங்கள். பழைய பெயரை வைத்துக்கொண்டு அலகை மட்டும் மாற்றாதீர்கள்; நேற்றைய 80உம் இன்றைய 0.08உம் ஒரே கோட்டில் கலந்துவிடும்.

நல்லூர்: 0.08 என்றால் எங்கள் முகாமையாளருக்கு விளங்காது.

பனலில் அலகைச் செக்கன் என்று தெரிவு செய்யுங்கள். கிரபானாவே 80 மில்லிசெக்கன் என்று காட்டும். சேமிப்பது அடிப்படை அலகில், மாற்றுவது காட்டும் இடத்தில்.

மானிப்பாய்: சீபியூ பயன்பாடு 90 வீதத்தைத் தாண்டினால் அலேர்ட் (எச்சரிக்கை) வரவேண்டும் என்று எழுதினோம். சேவர் திணறியபோதும் வரவில்லை.

நீங்கள் அனுப்பிய விதியில் அளவையின் பெயர் 'ரேஷியோ' (விகிதம்) என்று முடிகிறது. அது 0 முதல் 1 வரைதான் போகும், 90ஐ எப்படித் தாண்டும்? 0.9 என்று எழுதுங்கள்.

கோண்டாவில்: மில்லிசெக்கனில் வைத்தால் என்ன பிழை?

கொக்குவில் தம்பிக்குச் சொன்னதை வாசியுங்கள்.

சாவகச்சேரி: 100 எம்பி ஃபைபர், தரவிறக்கம் 12தான் காட்டுகிறது.

முதலாவது மெகாபிற், இரண்டாவது மெகாபைற். ஒரு பைற் 8 பிற்; 8ஆல் வகுத்தால் 12.5. இணைப்பில் பிழையில்லை.

திருநெல்வேலி: பெயரில் அலகு எதற்கு? நாங்கள் ஐந்து பேர், எல்லாருக்கும் தெரியும்.

உங்கள் வீட்டுக் காணி உறுதியை எடுத்துப் பாருங்கள். லாச்சம் என்ற யாழ்ப்பாணக் காணி அளவை மட்டும் எழுதி நொத்தாரிசு விட்டிருக்கமாட்டார்; நெல்லுக்கு ஒரு லாச்சம், வரகுக்கு வேறு லாச்சம் என்பதால், எதற்கு என்பதும் கூடவே இருக்கும். எழுதிய நாளில் ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். வாசிப்பது பேரப்பிள்ளை.

திருநெல்வேலி: காணி வேறு, மென்பொருள் வேறு அண்ணா.

சரி, மென்பொருளுக்கே வருவோம். 1999 செப்டெம்பரில் நாசாவின் செவ்வாய்க் காலநிலை விண்கலம் தொலைந்தது. தரையில் ஒரு மென்பொருள் உந்த மாற்றத்தைப் பவுண்ட்-விசை செக்கனில் கொடுத்தது. வாங்கிய பக்கம் அதை நியூற்றன் செக்கன் என்று எடுத்துக்கொண்டது. வித்தியாசம் ஏறத்தாழ 4.45 மடங்கு.

திருநெல்வேலி: அது நாசா. நாங்கள் சின்ன இடம்.

நானும் சின்ன இடத்தில்தான் வேலை செய்தேன். இரவு இரண்டு மணிக்கு அலேர்ட் வந்தது. திரையில் 'லேற்றன்சி' (பதில் வரும் தாமதம்) என்று ஒரு சொல், பக்கத்தில் 45. மில்லிசெக்கன் என்றால் திரும்பிப் படுக்கலாம். செக்கன் என்றால் சேவை விழுந்துவிட்டது. எழுதியவர் வேலையை விட்டுப் போயிருந்தார். குறியீட்டைத் தேடித் திறந்து, அது செக்கன் என்று அறிய இருபது நிமிடம் போயிற்று. அந்த நேரம் முழுக்கப் பாவனையாளர்கள் காத்திருந்தார்கள்.

திருநெல்வேலி: பெயரை மாற்றினால் பழைய டாஷ்போட்டுகள்?

கொஞ்சக் காலம் இரண்டு பெயரிலும் வெளியிடுங்கள். டாஷ்போட்டும் அலேர்ட்டும் புதியதற்கு மாறிய பிறகு பழையதை நிறுத்துங்கள்.