பழைய காரின் டிக்கித் தரை: மேலே தகடு வைத்து ரிவெட் அடித்தால் போதுமா?

டிக்கியின் தரை துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது, புதுத் தகடும் வாங்கிவிட்டேன், பழையதன் மேலேயே வைத்து ரிவெட் அடிக்கலாமா அல்லது வெட்டி எடுத்து வெல்டிங் செய்யத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மேலே வைத்து அடிக்காதீர்கள். எங்கள் வண்டிக்கு அதைத்தான் செய்தார்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என்ன வண்டி என்று நீங்கள் சொல்லவில்லை. ஏதோ ஷெட்டில் நிற்கும் அம்பாசடராகவோ பத்மினியாகவோ இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். எங்களுடையது மோரிஸ் மைனர் என்ற பழைய இங்கிலாந்துக் கார், 1964 மாடல், 1098 சிசி. நான் மதுரைக்காரி. கல்யாணமாகி மொரீஷியஸ் வந்தவள், ரோஸ் ஹில்லில் இருக்கிறோம். 1968 வரை ஆங்கிலேயர் கையில் இருந்த தீவு என்பதால் மோரிஸ் மைனர் இங்கே வீட்டுப் பிள்ளை மாதிரி. எங்கள் வண்டி என் மாமனாரின் அப்பா வாங்கியது. மாமா ஓய்வு பெற்ற தமிழாசிரியர். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைத் துடைக்காமல் காபி குடிக்கமாட்டார்.

பெண்ணுக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்று கேட்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வெல்டிங் நான் செய்யவில்லை. துரு சுரண்டியது, தகட்டை வைத்து வைத்துப் பார்த்தது, இடுக்குகளை அடைக்கும் சீலர் பூசியது எல்லாம் நானும் மாமாவும். பட்டறையில் மூன்று வாரம் பக்கத்திலேயே நின்றிருக்கிறேன்.

முதலில் கொடுத்த பட்டறையில் ஸ்டெப்னி படுத்திருக்கும் இடத்தில் தார் பூசி, கூரை வேயும் ஜிங்க் தகட்டை அளவாக வெட்டி மேலே போட்டு, சுற்றி ரிவெட், நடுவில் நீளமான ஸ்க்ரூ என்று இரண்டே நாளில் முடித்துக் கொடுத்தார்கள். பார்க்கப் பளபளவென்றுதான் இருந்தது. மோரிஸ் மைனரில் பெட்ரோல் டாங்க் அந்தத் தரைக்கு நேர் கீழே, தரையோடு சேர்த்து ஸ்க்ரூ போட்டு மாட்டியிருக்கும். அதை அவர்கள் யோசிக்கவே இல்லை.

2023 தைப்பூசத்தன்று காத்ர் போர்ன் மலைக்கோயிலுக்குக் கிளம்பினோம். பால்குடம், வாழைப்பழத் தார், பூக்கூடை எல்லாம் டிக்கியில். முதல் நாள்தான் டாங்க்கை நிரப்பியிருந்தார் மாமா. அடிவாரத்தில் டிக்கியைத் திறந்ததும் மல்லிகை வாசத்தோடு பெட்ரோல் வாடை. மாமா பூக்கூடையை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, முழங்கால் போட்டு உட்கார்ந்து, தகட்டின் மேல் விரலை வைத்துத் தடவினார். ஒரு ஸ்க்ரூவின் தலையைச் சுற்றி ஈரம். விரலை மோந்து பார்த்துவிட்டு, “அம்மா, பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். சுற்றிலும் சூடம் எரிந்துகொண்டிருந்தது. அதை இப்போது நினைத்தாலும் எனக்குக் கை நடுங்குகிறது.

கழற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்த ஸ்க்ரூவின் முனை டாங்க்கின் மேல்தகட்டை உரசி உரசி ஊசிமுனை அளவு ஓட்டை போட்டிருந்தது. டாங்க் பாதி இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை, நிரப்பியதும் கசிந்துவிட்டது. தாருக்குக் கீழே தண்ணீர் தேங்கி, பழைய தரை ஊறவைத்த அப்பளம் மாதிரி கையோடு வந்தது. இரண்டு தகட்டுக்கு நடுவில் ஈரம் மாட்டிக்கொண்டால் அது வெளியே வரவே வராது. மூடி வைத்த துரு வேகமாகத்தான் தின்னும்.

தைப்பூசம் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மதுரைக்குப் போகும்போதெல்லாம் யாராவது ஒருவர், “மொரீஷியஸ் தமிழருக்குத் தமிழே வராதாமே” என்பார்கள். வீட்டில் கிரியோல் என்ற இந்த ஊர் மொழி பேசுகிறவர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் பத்து நாள் விரதம் இருந்து, ரோமன் எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டாவது தேவாரம் பாடுகிறார்கள். இந்த நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது. தைப்பூசம் இங்கே எத்தனையோ காலமாக அரசு விடுமுறை, தமிழ்நாட்டில் 2021இல்தான் வந்தது. என் மாமனார் ஆயுள் முழுக்க இங்குள்ள பிள்ளைகளுக்கு ‘அ’ எழுதக் கற்றுக்கொடுத்தவர். அவர் முன்னாலேயே அப்படிக் கேட்டிருக்கிறார்கள். எனக்கு அது ஆறவே இல்லை.

சரி, தகட்டுக்கு வருகிறேன். இரண்டாவது முறை மாமாவின் சிநேகிதர், வயதான ஒரு தோலியே செய்துகொடுத்தார். டிங்கர் வேலைக்காரரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். அவர் தகட்டைத் தொடுவதற்கு முன்னால் கேட்டது, “தண்ணீர் எங்கிருந்து வருகிறது?” டிக்கி மூடியின் ரப்பர் பீடிங் காய்ந்து வெடித்திருந்தது, பின்விளக்கின் அடி ரப்பரும் போயிருந்தது. இரண்டையும் மாற்றாமல் புதுத் தரை போடுவது வீண் என்றார். உங்கள் வண்டியிலும் முதலில் இதைப் பாருங்கள்.

அப்புறம் டாங்க்கை இறக்கி, பட்டறைக்கு வெளியே கொண்டுபோய் வைத்தோம். பெட்ரோலைக் காலி செய்துவிட்டேன், டாங்க் வண்டியிலேயே இருக்கட்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். காலி டாங்க்கில் நிற்கும் ஆவிதான் அதிக ஆபத்து. பேட்டரி ஒயரையும் கழற்றிவிடுங்கள். உங்கள் காரில் டாங்க் எங்கே இருக்கிறது, பிரேக் குழாய் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குனிந்து பார்த்த பிறகுதான் ட்ரில்லைக் கையில் எடுக்க வேண்டும்.

துருவை நல்ல தகடு தெரியும் வரை வெட்டினார். அவர் அதிக நேரம் செலவழித்தது புதுத் தகட்டை வெல்டிங் இல்லாமல் சும்மா வைத்துப் பார்ப்பதில்தான். கிளாம்ப் போட்டுப் பிடித்து, டிக்கியை மூடித் திறந்து, மூலைக்கு மூலை குறுக்கே அளந்து, ஸ்டெப்னியை உள்ளே வைத்து எடுத்து, மறுபடி ஓரத்தைத் தட்டி. ஒன்றரை நாள் இதிலேயே போனது. மோரிஸ் மைனருக்குத் தனிச் சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது, பாடியேதான் எலும்பு. பின் பட்டை ஸ்பிரிங்கின் பிடிப்பும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே துரு இருந்தால் தரையை மட்டும் மாற்றிப் பயனில்லை.

தொழிற்சாலையில் தரையைப் புள்ளி புள்ளியாக, ஸ்பாட் வெல்டிங்கால் ஒட்டியிருப்பார்கள். அதே இடைவெளியில் புதுத் தகட்டின் ஓரத்தில் ஓட்டை போட்டு, ஒவ்வொன்றையும் கம்பியை உருக்கி ஊற்றும் மிக் வெல்டிங்கால் நிரப்பினார். வரிசையாகப் போகவில்லை. இங்கே ஒன்று, எதிர் மூலையில் ஒன்று, ஆறவிட்டு இன்னொன்று. ஒரே இடத்தில் சூடேற்றினால் மெல்லிய தகடு அலை அலையாக நெளிந்துவிடும். ஒட்டும் இரண்டு முகத்திலும் வெல்டிங்கைத் தாங்கும் ஜிங்க் ப்ரைமர் அடித்திருந்தோம். மூட்டுகளில் சீலர், அடியில் கோட்டிங், மடிப்புகளுக்குள் மெழுகு. வடிகால் ஓட்டையைச் சீலரால் அடைத்துவிடாமல் பார்த்துக்கொண்டேன்.

ரிவெட்டே போதும், எங்கள் வண்டி அப்படித்தான் ஓடுகிறது என்று சிலர் கோபப்படுவீர்கள். ஓடலாம். கழற்றி மாட்ட வேண்டிய மூடித் தகடு என்றால் நானும் வெல்டிங் சொல்லமாட்டேன். நட்டை அடியில் நிலையாகப் பொருத்திவிட்டு, குட்டையான போல்ட், அகல வாஷர், நடுவில் ரப்பர் போட்டு மாட்டலாம். நான் சொல்வது பாடியோடு சேர்ந்த தரையைப் பற்றி.

முடிந்ததும் தரையில் உடனே கார்ப்பெட் போடாதீர்கள். பழைய செய்தித்தாளை விரித்து வைத்து ஒரு மழைக்காலம் பாருங்கள். 2024 ஜனவரியில் பெலால் புயல் அடித்தபோது தலைநகர் போர்ட் லூயியில் கார்கள் வெள்ளத்தில் மிதந்தன. எங்கள் வண்டி வீட்டு வாசலில் சாய்ந்தடித்த மழையில் நாள் முழுக்க நின்றது. மறுநாள் காலை மாமா டிக்கியைத் திறந்து காகிதத்தைக் கையில் எடுத்தார். மொறமொறவென்று இருந்தது.