கருப்பை இறக்கம்: எடுப்பதா, தூக்கிக் கட்டுவதா?

கேள்வி: எனக்கு 63 வயது. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவினேன். நான்கும் சுகப்பிரசவம். கருப்பை இறங்கி வெளியே தெரிகிறது. அதைத் தாங்க இரண்டு ஆண்டுகளாக உள்ளே போட்டிருந்த வளையம் இப்போது நிற்பதில்லை. கருப்பையை எடுத்துவிடலாம் என்கிறார் ஒரு மருத்துவர்; வயிற்று வழியாகச் செயற்கை வலை (mesh) வைத்துத் தூக்கிக் கட்டலாம் என்கிறார் இன்னொருவர். வலையைத் தடை செய்துவிட்டதாக மகள் சொல்கிறாள். எனக்குச் சர்க்கரை நோயும் உண்டு. எதை ஏற்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அம்மா, இரண்டு மருத்துவர்கள் சொன்னதிலும் தவறில்லை. ஆனால் கருப்பையை எடுப்பது மட்டுமே இறக்கத்துக்கு வைத்தியமாகிவிடாது. பிரசவங்களாலும், பல்லாண்டுகள் பால் வாளி சுமந்ததாலும், மாதவிடாய் நின்றபின் திசுக்கள் மெலிவதாலும் தாங்கும் தசைகளும் தசைநார்களும் தளர்ந்துதான் கருப்பை இறங்குகிறது. தூளிக் கயிறு தளர்ந்திருக்கும்போது குழந்தையைத் தூக்கிவிட்டால் கயிறு இறுகிவிடுமா? ஆகவே கருப்பையை எடுத்தாலும், பிறப்புறுப்பின் மேல்முனையை உறுதியான தசைநாரோடு சேர்த்துத் தைக்க வேண்டும். இல்லையேல் பிற்பாடு அந்த முனையே இறங்கி வரலாம். “மேல்முனையை எதில் கட்டுவீர்கள்?” என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

இடுப்பின் பின்புறத் தசைநாரில் கட்டினால் சில வாரங்கள் பிட்டத்தில் வலி இருக்கலாம். கருப்பையைத் தாங்கிவந்த பழைய தசைநாரிலேயே கட்டினால் சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய் மடங்கக்கூடும் என்பதால், அறுவையின்போதே சிறுநீர்ப்பைக்குள் கேமரா விட்டுச் சரிபார்ப்பார்கள். 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், இரண்டு ஆண்டுகளுக்குப் பின் இரண்டின் பலனும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. கருப்பையை எடுக்காமலே கட்டும் முறையும் உண்டு.

மகள் சொல்வது பாதி உண்மை. பிறப்புறுப்பு வழியாக வைத்த வலை சிலருக்குத் திசுவை அரித்து வெளியே வந்து வலி கொடுத்ததால், இறக்கத்துக்காக அவ்வழியில் வைக்கும் வலையின் விற்பனையை 2019 ஏப்ரலில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் நிறுத்தியது. வயிற்று வழியாக மேல்முனையை முதுகெலும்பின் அடியிலுள்ள திரிக எலும்போடு இணைக்கும் வலை அந்த உத்தரவில் சேராது. இறக்கம் திரும்புவது அதில் குறைவு. ஆனால் அறுவை நீளும், முழு மயக்கம் வேண்டும், வலை அரிக்கும் ஆபத்தும் சிறிதளவு உண்டு.

மூன்றாவது வழி ஒன்றைக் கூச்சத்தால் பலர் பேசுவதில்லை. தாம்பத்திய உறவு இனி வேண்டாம் என்று உறுதியாக இருப்பவர்களுக்குப் பிறப்புறுப்பின் உட்புறத்தைத் தைத்து மூடிவிடலாம். அறுவை சிறியது, பலன் உறுதியானது. ஆனால் உறவுக்கு இடமிருக்காது. “வயதாகிவிட்டது, இதற்கு மேல் என்ன” என்று மற்றவர்கள் தீர்மானிக்கக் கூடாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சர்க்கரை நோயையும் வைத்துப் பார்த்தால், நான் முதலில் யோசிப்பது வலையில்லாமல் கீழ்வழியாகத் தைப்பதைத்தான். முழு மயக்கமில்லாமல், முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்தே அதைச் செய்யலாம். எதுவானாலும் சர்க்கரை கட்டுக்குள் வந்தபிறகே தேதி குறியுங்கள். இறக்கம் சரியானதும் மறைந்திருந்த சிறுநீர்க் கசிவு சிலருக்கு வெளிப்படுவதால், அதற்கான பரிசோதனையையும் முன்பே கேளுங்கள். அறுவைக்குப் பிறகு குறைந்தது ஆறு வாரங்கள் தண்ணீர் வாளி, அரிசி மூட்டை, பேரப்பிள்ளை எதையும் தூக்கக் கூடாது. மலச்சிக்கலும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.