டாக்ஸோ பாசிட்டிவ் என்றால் பூனையை விரட்ட வேண்டுமா?

கேள்வி: எனக்கு 27 வயது, இது கர்ப்பத்தின் ஒன்பதாவது வாரம். போன வருடம் ஒரு கரு கலைந்துவிட்டது. இப்போது டார்ச் டெஸ்டில் (கர்ப்பத்தைப் பாதிக்கக்கூடிய சில தொற்றுகளுக்கான ரத்தப் பரிசோதனை) டாக்ஸோபிளாஸ்மா ஐஜிஜி பாசிட்டிவ், ஐஜிஎம் நெகட்டிவ். ஒரு டாக்டர் மாத்திரை எழுதினார், இன்னொருவர் வேண்டாம் என்கிறார். மாமியார் பூனையை விரட்டச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: முதலில் கவலையை விடுங்கள். டாக்ஸோபிளாஸ்மா ஓர் ஒட்டுண்ணி. அது தொற்றினால் நம் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருள்களில் முதலில் வருவது ஐஜிஎம், பிறகு வந்து நிலைப்பது ஐஜிஜி. ஐஜிஜி இருந்து ஐஜிஎம் இல்லையென்றால், இந்த ஒட்டுண்ணி என்றைக்கோ உங்கள் உடம்புக்குள் வந்து, உடம்பும் அதை அடக்கிவிட்டது என்று பொருள். பிள்ளைக்குத் தொற்றுவது பெரும்பாலும் தாய்க்குக் கர்ப்ப காலத்தில் முதன்முறையாகத் தொற்று வந்தால்தான். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் நோயோ மருந்தோ உங்களுக்கு இல்லையென்றால் மாத்திரை வேண்டாம். ஆரம்ப வாரங்களில் கரு கலைவதற்குப் பாதிக்கு மேல் குரோமோசோம் கோளாறுதான் காரணம். உங்கள் மேலோ பூனை மேலோ பழி போடாதீர்கள்.

பிளாஸ்டிக் கவர் நிறைய ரிப்போர்ட்டுகளோடு பெண்கள் வருவார்கள். மூன்று வருடத்து ரிப்போர்ட்டிலும் அதே ஐஜிஜி, அதைச் சுற்றி அதே சிவப்பு வட்டம், ஒவ்வொரு முறையும் ஒரு கோர்ஸ் ஸ்பைராமைசின் என்ற ஆன்டிபயாடிக். ஐஜிஜி ஒருமுறை வந்தால் ஆயுசுக்கும் இருக்கும் என்று அவர்களிடம் யாருமே சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கு மனசு ஆறுவதில்லை.

டாக்டர்கள் ஆளுக்கொன்று சொல்வதற்கு, ஆராய்ச்சியில் இருக்கும் ஓட்டைகளும் ஒரு காரணம். இந்தத் தொற்று தாயிடமிருந்து பிள்ளைக்கு வரும் என்பது 1939-லேயே நியூயார்க்கில் உறுதியாகிவிட்டது. கர்ப்பத்தின் ஆரம்பத்தில் தொற்று வந்தால் பிள்ளைக்குப் போகும் வாய்ப்பு குறைவு, போனால் பாதிப்பு அதிகம். கடைசி மாதங்களில் நேர்மாறு. 13-வது வாரத்தில் தொற்றினால் சுமார் 6 சதவீதம், 36-வது வாரத்தில் 72 சதவீதம் பிள்ளைக்குப் போகிறது. இதுவரை தெளிவு. மருந்து என்று வரும்போதுதான் திணறல். பிரான்ஸில், முன்பு தொற்று வராத கர்ப்பிணிகளுக்கு மாதாமாதம் ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். அங்கேகூட இரண்டு சிகிச்சைகளை நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வு 2018-ல்தான் வெளியானது. அதில் 143 பெண்கள்தான். பைரிமெத்தமின், சல்ஃபாடயசின் என்ற இரண்டு மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்தவர்களில் 18.5 சதவீதம், ஸ்பைராமைசின் கொடுத்தவர்களில் 30 சதவீதம் பிள்ளைக்குத் தொற்றியது. வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தாலும், ஆள் எண்ணிக்கை போதாததால் முடிந்த முடிவு என்று சொல்ல முடியவில்லை. தசையிலும் மூளையிலும் இந்த ஒட்டுண்ணி ஒளிந்திருக்கும் நுண்ணிய கூடுகளை (சிஸ்ட்) அழிக்கும் மருந்து இன்னும் இல்லை. செம்மறி ஆட்டுக்குத் தடுப்பூசி உண்டு, மனிதருக்கு இல்லை!

நம் நாட்டில் நிலைமை இன்னும் மோசம். 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், கருத்தரிக்கும் வயதுப் பெண்களில் நாடு முழுக்க 22.4 சதவீதம் பேருக்கும், தென்னிந்தியாவில் 37.3 சதவீதம் பேருக்கும் ஐஜிஜி இருந்தது. ஆனால் பிறந்த பிள்ளைகளை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்க்கும் தேசியத் திட்டம் நம்மிடம் இல்லை. பிறக்கும்போது நன்றாக இருக்கும் குழந்தைக்குப் பத்து, பதினைந்து வயதில் விழித்திரையில் தழும்பு தெரியலாம். அதைப் பார்க்கும் கண் மருத்துவரிடம் அம்மாவின் பழைய ரிப்போர்ட் இருக்காது.

சரி, பூனைக்கு வருவோம். 2004-05-ல் கோயம்புத்தூரில் இந்த ஒட்டுண்ணியால் பலருக்குக் கண் பாதித்தபோது சந்தேகம் விழுந்தது குடிநீர் மேல். பூனை தன் மலத்தில் இதன் முட்டைகளை வெளியேற்றுவது பெரும்பாலும் வாழ்நாளில் ஒரே ஒரு முறை, ஓரிரு வாரங்கள்தான். அந்த முட்டையும் தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். அதனால் பூனை மலத்தைத் தினமும் வேறு யாராவது அள்ளிப்போட்டால் போதும். கறியை உள்ளே சிவப்பு தெரியாமல் வேகவைத்துச் சாப்பிடுங்கள், கீரையை நன்றாக அலசுங்கள், தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள். மாமியாரிடம் இந்தப் பதிலையே படித்துக் காட்டுங்கள். அப்புறம், அந்த ரிப்போர்ட்டைத் தொலைத்துவிடாதீர்கள். அடுத்த முறை கர்ப்பமாகும்போது காட்டினால் டாக்ஸோ டெஸ்ட் திரும்ப எடுக்கத் தேவையிருக்காது.