இலங்கைச் சமையல் புத்தகம் எங்கே கிடைக்கும்?

கேள்வி: ஆஸ்திரேலியாவில் வெளியான இலங்கைச் சமையல் புத்தகம் வேண்டும். நாகர்கோவில் கடைகளில் இல்லை. எப்படி வாங்குவது? – வாசகி, தக்கலை

பதில்: சார்மெய்ன் சாலமனின் ஆசியச் சமையல் நூலைத் தேடுங்கள் அம்மா; இலங்கைச் சமையலும் அதில் உண்டு. கொழும்பில் பிறந்தவர்; 1976-ல் ஆஸ்திரேலியாவில் வெளியிட்டார். எனக்கு மிகவும் பிடித்த நூல். அபிபுக்ஸ் (AbeBooks) இணையதளத்தில் பல நாட்டுப் பழைய புத்தகக் கடைகளின் பிரதிகள் கிடைக்கும். பதிப்பு மாறாமலிருக்க புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.-ஐச் சரிபாருங்கள், பழையவற்றில் 10 இலக்கம், 2007 முதல் 13. கனமான புத்தகம் என்பதால் தபால் செலவு விலையையே தாண்டக்கூடும். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் யாராவது ஊருக்கு வந்தால், பெட்டியில் கொண்டுவரச் சொல்வதே நல்லது.

அப்புறம், ஆஸ்திரேலிய மேசைக்கரண்டி 20 மி.லி.; பிரிட்டனில் 15 மி.லி.தான். மிளகாய்த்தூள் போடும்போது கவனியுங்கள். தேங்காய்ப்பாலுக்கு நம்ம ஊர்த் தேங்காயே போதும்.