சோப்பும் சென்சாரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சைபீரியாவின் மெஷ்துரெச்சென்ஸ்க் நகரம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். 1989-இல் சோப்பு கேட்டு வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களைப் பற்றி உருகி எழுதியிருக்கிறீர்கள். அதே ஊரில் 2010-இல் சுரங்க வெடிப்பில் 91 பேர் செத்ததை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். வெடிக்கக்கூடிய மீத்தேன் வாயுவைக் கண்டுபிடிக்கும் சென்சாரைத் துணியால் மூடிவிட்டு வேலை பார்க்கிறவர்கள்தானே அவர்கள்? நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. எந்திரத்தின் தடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்யும் ஆட்களைத் தினமும் பார்க்கிறேன். சொன்னால் கேட்பதில்லை. தன் உயிர்மேலேயே அக்கறை இல்லாதவனுக்காக நிர்வாகத்தைத் திட்டி என்ன பயன்? சோப்புக்காக சோவியத் யூனியன் என்ற வல்லரசே ஆடிப்போனது என்பதும் மிகையாகத் தெரிகிறது.

கே., ஓசூர்

அன்புள்ள கே.,

சோப்பை முதலில் முடித்துவிடலாம். அது மிகையில்லை. கோரிக்கைப் பட்டியலில் சோப்பு, துண்டு, பஞ்சு வைத்த மேல்சட்டை, ஷிப்டில் சாப்பிட உணவு எல்லாம் இருந்தன. இரவு ஷிப்டுக்குக் கூடுதல் சம்பளம், ஞாயிறு விடுமுறை ஆகியவையும் இருந்தன. கடையில் சோப்பு கிடையாது, பல பொருள்களுக்குக் கூப்பன். கரித்தூள் அப்பிய உடம்போடு மேலே வருகிறவனுக்கு இது சின்ன விஷயமா என்று நீங்களே சொல்லுங்கள். மனு கொடுத்துப் பார்த்தும் நடக்காமல், ஜூலை 10 அன்று ஷெவ்யாகோவ் சுரங்கத்தில் ஆரம்பித்தார்கள். அடுத்த நாள் ஊரின் மற்ற சுரங்கங்களும் சேர்ந்துகொண்டன. நிலக்கரித் துறை அமைச்சர் ஷாடோவ் மாஸ்கோவிலிருந்து வந்து சதுக்கத்தில் கூட்டத்தின் நடுவே நின்று பேச வேண்டியதாயிற்று. அதே மாதத்தில் அந்த ஊர் இருக்கும் குஸ்பாஸ் நிலக்கரி வட்டாரம் முழுக்கவும், அப்புறம் தோன்பாஸ், வொர்குதா, கரகண்டா ஆகிய மற்ற நிலக்கரிப் பகுதிகள் வரைக்கும் பரவியது. பல லட்சம் பேர். தொழிலாளிகளின் அரசு என்று சொல்லிக்கொண்ட அரசுக்கு எதிராகத் தொழிலாளிகளே உட்கார்ந்தால் அது ஆடத்தான் செய்யும்.

ஷெவ்யாகோவ் சுரங்கம் இப்போது இல்லை. 1992 டிசம்பர் 1 அன்று அங்கே நடந்த வெடிப்பில் 25 பேர் இறந்தார்கள். பலரின் உடல்களை எடுக்கவே முடியாமல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள்.

இனி உங்கள் முக்கியமான கேள்வி. நீங்கள் சொன்ன 91 பேர் இறந்தது ராஸ்பாட்ஸ்கயாவில், அது ரஷ்யாவின் மிகப் பெரிய நிலத்தடி நிலக்கரிச் சுரங்கம். 2010 மே 8 நள்ளிரவுக்குச் சற்று முன் முதல் வெடிப்பு. மீட்புக் குழு உள்ளே இறங்கியது. சில மணி நேரத்தில், முன்னதைவிடப் பலமாக இரண்டாவது வெடிப்பு. இறந்த 91 பேரில் காப்பாற்றப் போனவர்களும் உண்டு. அன்றிரவு சென்சார் மூடியிருந்ததால்தான் வெடித்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சென்சாரை மூடுவது வழக்கம்தான் என்று ஊர்க்காரர்கள் விபத்துக்குப் பிறகு வெளிப்படையாகவே பேசினார்கள்.

ஏன் மூடுகிறார்கள்? காற்றில் மீத்தேன் ஏறக்குறைய 5 முதல் 15 சதவீதம் இருந்தால், வெடிக்க ஒரு பொறி போதும். அந்த அளவை நெருங்குவதற்கு வெகு முன்பே சென்சார் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். கரி வெட்டும் எந்திரம் நிற்கும். காற்றோட்டம் வாயுவை வெளியேற்றும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். வாயு அதிகமுள்ள அடுக்கில் வேகமாக வெட்ட வெட்ட மீத்தேனும் வேகமாக வரும், எந்திரம் அடிக்கடி நிற்கும். சம்பளத்தில் பெரும்பகுதி வெட்டிய டன்னைப் பொறுத்தது என்றால், சும்மா உட்கார்ந்திருக்கும் அந்த நேரம் யார் கணக்கில் போகிறது? நிர்வாகம் ‘மூடு’ என்று வாய் திறந்து சொல்லவே வேண்டாம். இலக்கை வைத்துவிட்டு, அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்தால் போதும்.

மீத்தேன் என்னவென்று அவர்களுக்குத் தெரியாது என்று மட்டும் நினைக்காதீர்கள். அந்த ஊரில் சுரங்கத்தில் ஆளை இழந்த குடும்பத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. விபத்து நடந்த சில நாளில், மே 14 அன்று, சதுக்கத்தில் கூட்டம் கூடி, சிலர் ரயில் பாதையை மறித்து, கலவரத் தடுப்புப் போலீஸ் வந்து விரட்டியதே, அங்கேயும் சம்பளப் பேச்சு இருந்தது. அப்போது பிரதமராக இருந்த புதினே சம்பளத்தில் நிலையான பகுதி 70 சதவீதமாவது இருக்க வேண்டும் என்றார். அதாவது கோளாறு எங்கே என்று மேலே இருப்பவர்களுக்கும் தெரிந்திருந்தது. உங்கள் தொழிற்சாலையில் தடுப்பைக் கழற்றுகிறவர்களுக்கு என்ன கணக்கில் கூலி என்று உங்கள் கடிதத்தில் இல்லை. பீஸ் ரேட்டா, இன்சென்டிவா? அதைத் தெரிந்துகொள்ளாமல் எனக்கு அவர்களைத் திட்ட வாய் வராது.

நீங்கள் பாதுகாப்பு அதிகாரி என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். அதே குஸ்பாஸில், லிஸ்த்வியாஷ்னயா சுரங்கத்தில், 2021 நவம்பர் 25 அன்று 51 பேர் இறந்தார்கள். ஐந்து பேர் மீட்புப் பணியாளர்கள். இந்த முறை மீத்தேன் அளவுகளையே திரித்துவைத்திருந்தார்கள் என்று விசாரணையில் குற்றம்சாட்டினார்கள். கைதானவர்களில் சுரங்க இயக்குநர் இருந்தார். அரசின் பாதுகாப்பு ஆய்வாளர்கள் இருவரும் இருந்தார்கள். விபத்துக்குச் சில நாள் முன்பு, சுரங்கத்துக்குப் போகாமலே ஆய்வு அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள் என்பது அவர்கள்மேல் வழக்கு. அவர்கள் யாரும் எந்திரத்தின் பக்கத்தில் நின்று டன் எண்ணியவர்கள் இல்லை.