ஜன்னலுக்கு வெளியே நின்று வரையுங்கள்

கேள்வி: ஒரே மாதிரி வீடுகள் வரிசையாக நிற்கும் புறநகர்த் தெருவில் பத்து வருடமாகக் குடியிருக்கிறேன். ஓய்வு நேரத்தில் ஓவியம் வரைவேன். பகலில் அத்தனை அமைதியான தெரு. இரவில் ஒரு வீட்டிலிருந்து அழுகை கேட்கிறது. இன்னொரு வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர் விடியும்வரை விளக்கை அணைப்பதில்லை. இதையெல்லாம் வரைய உட்கார்ந்தால் பேய்ப்பட போஸ்டர் மாதிரி வந்துவிடுகிறது. எங்கே தவறுகிறேன்? அடுத்தவர் துயரத்தை வரைவதே சரிதானா?

பதில்: முதலில் அந்த அழுகையைப் பற்றி. அங்கே யாரோ அடிபடுகிறார்கள் என்று உங்களுக்குத் தோன்றினால், தூரிகையை வைத்துவிட்டு உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள். படம் காத்திருக்கும். அந்தப் பெரியவரிடமும் நாளைக்கே நாலு வார்த்தை பேசிவிடுங்கள்.

சரி, ஓவியத்துக்கு வருவோம். நீங்கள் கேட்டது ஓர் அழுகைச் சத்தம், அவ்வளவுதான். காரணம் உங்களுக்குத் தெரியாது. அந்தத் தெரியாத இடத்தைக் கறுப்பு நிறத்தாலும் கோரமான முகங்களாலும் நிரப்பிவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். போஸ்டர் அங்கேதான் வந்துவிடுகிறது. தெருவில் நின்றால் என்ன தெரியுமோ அதை மட்டும் வரையுங்கள். மூடிய கதவு, பாதி இழுத்த திரை, எடுக்காமல் கிடக்கும் செய்தித்தாள். உள்ளே என்ன என்ற கேள்வி பார்ப்பவருக்கே வரட்டும்.

பெல்ஜிய ஓவியர் ரெனே மாக்ரித் 1949 முதல் ‘ஒளியின் பேரரசு’ என்ற தலைப்பில் பல ஓவியங்கள் வரைந்தார். இருட்டில் ஒரு வீடு, எரியும் தெருவிளக்கு, வெளிச்சமுள்ள சில ஜன்னல்கள். மேலே மட்டும் வெண்மேகம் மிதக்கும் பகல் வானம். பயமுறுத்தும் பொருள் ஒன்றுகூட இல்லை, ஆனாலும் பார்க்கப் பார்க்க மனம் கலங்கும். இன்னொருவர் ஜார்ஜ் ஷா. இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகர ஓரத்தில் தான் வளர்ந்த டைல் ஹில் குடியிருப்பைத்தான் திரும்பத் திரும்ப வரைகிறார். பூட்டிய கார் ஷெட்டுகள், மழைநீர் தேங்கிய நடைபாதை, ஆளே கிடையாது. அவர் பயன்படுத்துவது, சிறுவர்கள் பொம்மை விமானங்களுக்கு அடிக்கும் எனாமல் பெயின்ட். அந்த ஈரப் பளபளப்பில் அவருடைய பால்யமே ஒட்டியிருப்பதாக எனக்குத் தோன்றும்.

நீங்கள் அந்தி வெளிச்சத்தில் தொடங்குங்கள். வானத்தின் வெளிச்சமும் ஜன்னல் வெளிச்சமும் ஏறக்குறைய சமமாக இருக்கும் சில நிமிடங்கள் உண்டு. அப்போது வீடு தட்டையாகி, ஜன்னல் மட்டும் நம்மைப் பார்ப்பது போல இருக்கும். அதற்குள் முழுப் படம் முடியாது. பென்சிலில் சிறிதாக ஒரு ஸ்கெட்ச், எது அதிக இருட்டு எது அடுத்தது என்று குறிப்பு, அது போதும். இருட்டுக்கு ட்யூபில் வரும் கறுப்பை எடுக்காதீர்கள், செத்துப்போன மாதிரி இருக்கும். அல்ட்ராமரைன் நீலத்தில் பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பைக் கலந்தால் உயிருள்ள இருட்டு கிடைக்கும். நீலத்தைக் கூட்டினால் குளிர்ச்சி, பழுப்பைக் கூட்டினால் வெதுவெதுப்பு. மஞ்சள் ஒரே ஒரு ஜன்னலில் இருக்கட்டும்.

அடுத்தவர் துயரம் பற்றிக் கேட்டீர்கள். அந்தப் பெரியவர் உங்கள் படத்தைப் பார்த்தால் தன் வீடு என்று அடையாளம் கண்டுவிடக் கூடாது. போட்டோ எடுத்து வரையவே வேண்டாம். ஒரு வீட்டின் வாசல், இன்னொன்றின் மாடி, வேறொன்றின் மதில் என்று கலந்துவிடுங்கள்.

ஆனால் முதல் படத்துக்கு உங்கள் வீட்டையே எடுங்கள் என்பேன். அமெரிக்க ஓவியர் எரிக் ஃபிஷல் புறநகர் வீடுகளின் உள்ளறைகளை வரைந்து பெயர் பெற்றவர். அம்மாவின் குடிப்பழக்கத்தை வெளியே தெரியாமல் மறைத்த குடும்பத்தில் வளர்ந்ததை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அந்த நேர்மை அவர் படங்களில் தெரியும். ஒரு நாள் மாலை உங்கள் வீட்டில் ஒரே ஓர் அறையில் விளக்கைப் போட்டுவிட்டு, எதிர்ப்பக்கம் போய் நின்று அந்த ஜன்னலைப் பாருங்கள். எந்த அறை என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.