மீக்கடத்தி ஆராய்ச்சி சோறு போடுமா?

அம்மா, உங்கள் கவலை புரிகிறது. முதுகலை இயற்பியல் முடித்த மகள் வேலைக்குப் போவாள் என்று பார்த்தால், நானோ கம்பி, மீக்கடத்தி, முனைவர் பட்டம் என்கிறாள். மீக்கடத்தி என்றால், கடுமையாகக் குளிர்வித்தால் மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருள். இன்னும் ஐந்தாறு வருஷம். கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அவள் மனம் எதில் போய் ஒட்டிக்கொண்டது என்று பாருங்கள். நையோபியம் நைட்ரைடு என்ற மீக்கடத்திப் பொருளில் சுமார் 100 நானோமீட்டர் அகலம், 5 நானோமீட்டர் தடிமனில் ஒரு கம்பியைச் சிப்பின் மேல் வளைத்து வளைத்து வரைவார்கள். ஒரு தலைமுடியின் அகலத்துக்குள் இப்படிச் சில நூறு வரிகள் அடங்கிவிடும். மைனஸ் 270 டிகிரி வரை குளிர்வித்தால் கம்பியில் மின்தடையே இருக்காது. அப்புறம், அது தாங்கும் எல்லைக்குச் சற்றே குறைவான அளவில் மின்னோட்டத்தை ஓடவிட்டு வைப்பார்கள். ஒரே ஒரு ஒளித்துகள் விழுந்தால் போதும், அந்த இடத்தில் தடை எழுந்து ஒரு மின்துடிப்பு வெளியே வரும். கண் இமைப்பதற்குள் பல லட்சம் முறை இது நடக்கலாம்.

2023 டிசம்பரில் நாசாவின் சைக்கி விண்கலம் 3 கோடி கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து லேசர் ஒளியில் ஒரு பூனை வீடியோவை அனுப்பியது. அமெரிக்காவின் பாலோமரில் உள்ள ஹேல் தொலைநோக்கியில் அந்த ஒளியைப் பிடித்தது, ஒளித்துகளைக் கண்டறியும் இந்த வகைக் கம்பி டிடெக்டர்தான். மூளையின் மெல்லிய காந்தப்புலத்தை அளக்கும் ஸ்குவிட் கருவியும் இதே மீக்கடத்திக் குடும்பம். அதற்கு அடிப்படையான விளைவை 1962இல் கணித்துச் சொன்னபோது பிரிட்டிஷ் இயற்பியலாளர் பிரையன் ஜோசப்சனுக்கு வயது 22, ஆராய்ச்சி மாணவர்.

சரி, வேலை? மறைக்காமல் சொல்கிறேன்: இந்த டிடெக்டர்களை மட்டுமே செய்யும் நிறுவனங்கள் குறைவு. ஆனால் இதைச் செய்யும்போது கை பழகும் வேலைகள் பல இடங்களில் தேவைப்படுபவை. வெற்றிடக் கருவிகளைக் கையாள்வது, மெல்லிய படலம் படியவைப்பது, எலக்ட்ரான் கற்றையால் வடிவம் வரைவது, இரைச்சலுக்குள் கிடக்கும் சிக்னலைப் பிரித்தெடுப்பது. சிப் தயாரிப்பு, குவாண்டம் கணினி, மருத்துவக் கருவிகள் எல்லாவற்றிலும் இந்தக் கைகளுக்கு இடம் உண்டு. அதனால் வெறும் கணக்கீட்டோடு நிற்காமல், சிப்பைத் தானே செய்து, தானே அளக்கும் குழுவில் அவள் சேர வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

எனக்குள்ள தயக்கம் பொறுமை பற்றியது. குளிர்கலன் குளிரவே பல மணி நேரம் ஆகும். குளிர்ந்த பிறகு ஓர் இணைப்புக் கம்பி விட்டுப்போனது தெரிந்தால், மறுபடி சூடாக்கித் திறந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். இது வாரம் தவறாமல் நடக்கும் கதை. ஆகவே விண்ணப்பிக்கும் முன் அவள் இரண்டு மாதம் அப்படி ஓர் ஆய்வகத்தில் பயிற்சிக்குப் போகட்டும். அங்கே முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்றும் விசாரித்து வரச் சொல்லுங்கள்.

திரும்பி வந்ததும் "பிடித்ததா?" என்று கேட்காதீர்கள். எத்தனை சிப் கெட்டது, அப்போது என்ன செய்தாள் என்று கேளுங்கள். அதை அவள் ஆசையாக உட்கார்ந்து விவரித்தால் அனுப்பிவையுங்கள். பேச்சை மாற்றினால் என்னிடம் கூட்டிக்கொண்டு வாருங்கள், வேறு வழி பேசுவோம்.